பல் டாக்டர் பிடுங்கிய இடங்கள்

எங்கள் தெருப் பல் டாக்டர் தன் கையால் எதைப் பிடுங்கினாலும் அந்தக் குழியில் ஒரு கடல்பூ முளைக்கும். ஆணியைப் பிடுங்கினால் சுவரில், திருகைப் பிடுங்கினால் கதவில், பல்லைப் பிடுங்கினால் ஈறில். இது வதந்தி இல்லை. எங்களில் பாதிப் பேர் வாயைத் திறந்தாலே தெரியும். எல்லாம் கிளினிக்கில் இருந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியால் வந்த வினை. கன்னம் வீங்கி வந்து காத்திருப்பவர்களுக்கு வேடிக்கை பார்க்க ஏதாவது வேண்டுமே என்று வைத்தது. நாளடைவில் நோயாளிகளைவிடத் தொட்டிக்குத்தான் டாக்டரிடம் மரியாதை என்றாகிவிட்டது. உள்ளே பாறைகள், பாறைகள்மேல் உயிருள்ள பவளங்கள், நடுவில் காலிஃபிளவர் அளவுக்குப் பச்சையாக ஒரு பவளம். வளர்ப்பு மீன் கடைக்காரன் கொடுத்த புதுப் பாறையில் ஒட்டிக்கொண்டு வந்ததுதான் முதல் கடல்பூ. பூ என்பது பேருக்குத்தான், அது பிராணி. விரல்நகம் அளவில் ஒரு பழுப்புக் குழாய், உச்சியில் நூல்நூலாகக் கைகள். அந்தக் கைகளால் பக்கத்திலிருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சாகடிக்கும். ஆள் கிட்டே போனால் பொந்துக்குள் சுருங்கிக்கொள்ளும், முதுகைக் காட்டினால் மறுபடி விரியும். வேறு யாராவது என்றால் என்ன ஏதென்று நாலு பேரைக் கேட்டிருப்பார்கள். காலமெல்லாம் ஊரார் வாயிலிருந்து பிடுங்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? டாக்டர் குறடை எடுத்தார், பல்லைப் பிடுங்குவதுபோல ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். பல் என்றால் வேரோடு வந்துவிடும். இது கிழிந்தது. கிழிந்த துணுக்கெல்லாம் அடுத்த வாரம் ஆளுக்கொரு பூவாக உட்கார்ந்திருந்தது. கடைக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். “கிள்ளினா ஒண்ணு பத்தாகும் சார், பிடுங்கவே கூடாதுன்னு சொன்னேனே” என்றான். அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் டாக்டர் கேட்டிருக்க மாட்டார்.

அதன்பிறகு அவர் செய்யாத வைத்தியம் இல்லை. மரத்துப்போகப் போடும் ஊசியில் எலுமிச்சைச் சாற்றை ஏற்றி ஒவ்வொன்றின் வாயிலும் குத்தினார். குத்தியவை கரைந்தன, தப்பியவை தள்ளிப்போய்க் குடியேறின. கொதிநீரை ஏற்றினார்; பாறைதான் வெந்தது. சுண்ணாம்பைக் குழைத்து அப்பினார். தண்ணீர் பாலாகி மீன்கள் மல்லாந்தன. சொத்தைப் பல்லை அடைக்கும் சிமெண்டால் பொந்துகளை அடைத்து மெருகும் ஏற்றினார். அவை பக்கத்திலேயே வேறு பொந்து பார்த்துக்கொண்டன. இந்தப் பூவைத் தின்னும் என்று கடைக்காரன் சத்தியம் செய்து கொடுத்த இறால்கள், மீன் தீனியைத் தின்றுவிட்டுப் பம்புக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டன. நீள மூக்கு மீன் ஒன்று வந்து, பூவை விட்டுவிட்டுப் பச்சைப் பவளத்தைக் கொத்தியது, வேலியே பயிரை மேய்ந்த கதையாக. கடைசியாக ஓடில்லாத கடல் நத்தை ஒன்று வந்தது. இந்தப் பூவைத் தவிர உலகத்தில் வேறெதையும் அது தின்னாதாம். வந்த அன்றே அதைப் பம்பு உறிஞ்சிவிட்டது. டாக்டருக்கு வெறுத்துப்போய்விட்டது. நோயாளிகளைக் காக்கவைத்துவிட்டுத் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டு, திட்டிக்கொண்டே ஒன்று விடாமல் பிடுங்கினார். மறுநாள் காலையில் தொட்டி கொள்ளாமல் பூ. அன்றிலிருந்துதான் அவர் கை அப்படி ஆனது.

தண்ணீருக்கு வெளியே முளைத்ததை முதலில் பார்த்தது அவர் மனைவி. கிளினிக்குக்கு மேலேயே வீடு. பழைய காலண்டரின் ஆணியை அவர் பிடுங்கிய ஓட்டையில் ஒன்று நின்றுகொண்டு, அவள் பெருக்குவதைப் பார்த்துக் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த சுவரில் எப்படி உயிரோடிருந்தது என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது, தொட்டால் ஈரமாகத்தான் இருந்தது. அடுத்து அவர் அவசரத்தில் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்க, சுவிட்ச் போர்டில் ஓட்டைக்கு ஒன்றாக முளைத்தன. அவள் போன் சார்ஜரைச் செருகப் போக, அவை கொட்டி விரல் தடித்தது. பிறகு அவர் மீசையில் ஒரு நரைமுடியைப் பிடுங்கித் தொலைத்தார். மேலுதட்டில் பொடிசாக ஒன்று வந்தது. பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிக்கல் பிடுங்கல் இல்லாத இடம் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, கொழுந்தன் இல்லை. மாப்பிள்ளையின் தொழிலே பிடுங்கல்தான் என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. அவள் கோபமாக இருக்கிறாளா இல்லையா என்பது டாக்டருக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பாள். பெட்டியோடு படியிறங்கி வந்தபோதுதான் தெரிந்தது. “கடைசிப் பூ போன அன்னைக்குக் கூப்பிடுங்க, வரேன்” என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

டாக்டர் இடிந்துபோனார். பிடுங்கினால்தானே முளைக்கிறது, இனி எதையும் பிடுங்குவதில்லை என்று முடிவெடுத்தார். பல் டாக்டருக்கு அது எத்தனை நாள் நடக்கும்? ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கடைவாய்ப் பல் வலியோடு வந்து நாற்காலியில் சாய்ந்து அழுதபோது அவரால் தாங்க முடியவில்லை. பிடுங்கினார், பஞ்சை வைத்தார், எல்லோருக்கும் சொல்வதுபோல உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். பூவுக்கு வேறென்ன வேண்டும்? நன்றாகத் தழைத்தது. சண்டைக்கு வருவார் என்று டாக்டர் எதிர்பார்த்தார். வாத்தியார் வந்ததோ நன்றி சொல்ல. வலி சுத்தமாக இல்லை, பல்லிடுக்கில் சிக்குவதை அதுவே எடுத்துத் தின்றுவிடுகிறது, சூடாகக் காபி குடித்தால் மட்டும் உள்ளே இழுத்துக்கொள்கிறது என்றார். அதன்பிறகு கூட்டம் சொல்லி மாளாது. டோக்கன் கொடுக்கும் அம்மாள் தொண்டை வற்றக் கத்தினாள். நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லிச் சிலர் வந்தார்கள், அவர்களை டாக்டர் ஏசித் துரத்தினார். தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம், அவரைத் தவிர. ஒவ்வொரு பல்லோடும் அவள் திரும்பி வரும் நாள் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனது. கடைசிப் பூ என்று ஒன்று இனி இருக்கவே முடியாது என்பது அவருக்கும் புரிந்துதான் இருந்தது. இருந்தும் தினமும் சாயங்காலம் போன் செய்வார். “போச்சா?” என்று அவள் கேட்பாள். “கொஞ்சம் இருக்கு” என்பார். எங்கள் எரிச்சல் எங்களுக்கு. ஊர் முழுக்க வாய்க்குள் வைத்துக்கொண்டு திரியும்போது கொஞ்சம் இருக்கிறதாம். பச்சைப் பவளம் ஒருநாள் வெளுத்துச் செத்துப்போனது. அதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

இப்படியே வருஷம் ஒன்று ஓடிய பிறகு, டோக்கன் அம்மாள் ஒரு மத்தியானம் அடுத்த எண்ணைக் கூப்பிட, துப்பட்டாவால் கன்னத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தது அவர் மனைவி. மற்றவர்களைப் போல டோக்கன் வாங்கி, வரிசையில் காத்திருந்து வந்திருந்தாள். டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பல், வேர்வரை சொத்தை, சுற்றிலும் சீழ். அடைக்கவும் வழியில்லை, வேர் சிகிச்சை செய்து காப்பாற்றவும் வழியில்லை.

“வேற டாக்டர்கிட்ட போயேன்” என்றார். “நானே போன் பண்ணிச் சொல்றேன்.”

“ஏன், உங்களுக்கு என்ன?”

“நான் பிடுங்கினா அங்கேயும் ஒண்ணு வரும்மா.”

“தெரியும். வெளியில உட்கார்ந்திருந்தேன்ல, ஆளாளுக்கு வாயைத் திறந்து காட்டினாங்க.”

“அது வேண்டாம்னுதானே நீ போன?”

அவள் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அக்கா வீட்டில் பாத்ரூமுக்கே வரிசை, அக்காவின் மாமியார் இவள் எத்தனை முறை ஃபிரிட்ஜைத் திறக்கிறாள் என்று பார்க்கிறாள், அத்தான் விடியும் முன்பே செய்தியைச் சத்தமாக வைக்கிறார், பிள்ளைகள் இவளுடைய சீப்பைத்தான் எடுக்கிறார்கள், இவள் பல்வலி என்று சொன்னதற்கு ஆளுக்கொரு கைவைத்தியம் சொன்னார்களே தவிர ஒருவரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. “இந்தப் பூவாவது பேசாம இருக்கும்” என்றாள். “ஊர்ல எல்லார் பல்லையும் பிடுங்குனீங்க. என் பல்லுன்னா மட்டும் கை வரலையா?”

வரத்தான் இல்லை. ஊசி போட்ட பிறகும் அவர் குறடைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “கடைசிப் பூன்னு ஒண்ணு இனிமே கிடையாதும்மா” என்றார். இத்தனை நாள் போனில் சொல்லத் துணியாததை அப்போதுதான் சொன்னார். மரத்துப்போன உதட்டோடு அவள் சொன்னது டோக்கன் அம்மாளுக்குக்கூடத் தெளிவாகக் கேட்டது: “அது எனக்கு அப்பவே தெரியும். பிடுங்குங்க.” பல் வேரோடு, ஒரே பிடியில் வந்தது. அப்படிச் சுத்தமாக அவர் வேறு யாருக்கும் பிடுங்கியதில்லை என்று டோக்கன் அம்மாள் இன்றைக்கும் சொல்கிறாள். மனைவி பஞ்சைக் கடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பெட்டி அக்கா வீட்டிலிருந்து மறுநாள் வந்தது.

பூ அந்த வாரமே முளைத்தது. தொட்டியை டாக்டர் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார், அவன் வேண்டா வெறுப்பாக வாங்கிக்கொண்டான். சுவரில் இருப்பவற்றை அவள் பெருக்கும்போது பார்த்துப் பெருக்குகிறாள். சுவிட்ச் போர்டில் இருப்பவை அவளைக் கண்டால் தாமாக ஒதுங்கிச் சார்ஜருக்கு வழிவிடுகின்றன. சண்டைகள் முன்பைப் போலத்தான். யார் மேல் தப்பு என்று கேட்டால் தெருவில் எல்லோரும் டாக்டரைத்தான் சொல்வோம். ஆனால் ஒன்று மாறிவிட்டது. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பியிருந்தால், அவர் போய் “என்னம்மா கோபம்?” என்று கேட்பார். “ஒண்ணுமில்ல” என்பாள்.

“ஆ காட்டு” என்பார் அவர்.

வேறு வழியில்லாமல் அவள் வாயைத் திறப்பாள். உள்ளே பூ இறுக மூடி ஈறுக்குள் பதுங்கியிருக்கும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அது விரியும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.