மூன்றாம் நாள் தண்ணீர்

காலை ஐந்தே முக்காலுக்குக் குழாய் செருமியது. டெலானிபூர் மேட்டில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் செருமல்தான் அலாரம். மூன்று நாளைக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம். நாலு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு குளிக்கத் தண்ணீருக்குத் திண்டாடுகிற ஊர். சுதாகர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹோஸும் கையுமாக நின்றான். ஆனால் டிரம்முக்கு முன்னால் அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள், கையில் வளைந்த ஒரு கம்பித் துண்டோடு.

"வைஜி, தண்ணி போகுது."

"ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷத்துல ரெண்டு குடம் போயிரும்."

வைஜெயந்தி காதில் வாங்கவில்லை. நீல டிரம்மின் விளிம்பில் கம்பியை வைத்தாள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி அது அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. எடுத்து, வேறு இடத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் பொருந்தியது. இந்த ஊரில் வீட்டுக்கு இரண்டு டிரம், எல்லாம் ஒரே அளவு. டிரம்மின் அடியில் மிச்சமிருந்த பழைய தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்து மேலே வந்து, மூச்சு வாங்கி, மறுபடி கீழே போயின.

"என்னதிது?" என்றான் சுதாகர்.

"நேத்து டேபிள்ல இருந்த பொண்ணு. அவ நெஞ்சுல இருந்த காயத்தோட வளைவு."

சுதாகர் துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கொடுக்கிறவன். பதினைந்து வருஷமாகப் பிணவறை டாக்டருக்குப் புருஷனாக இருந்து பல விஷயங்களுக்குப் பழகியிருந்தான். இதற்குப் பழகவில்லை. ஹோஸ் கையிலிருந்து நழுவியது. தண்ணீர் முற்றத்தில் ஓடியதை அவன்தான் பதறிப்போய்த் தடுத்தான்.

முந்தின நாள் காலையில் அந்தப் பெண் வந்திருந்தாள். ராஜகுமாரி, இருபத்திரண்டு வயது, ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். கடற்சுவருக்குக் கீழே பாறை இடுக்கில் கிடந்தாள். பிரேதம் வருவதற்கு முன்பே அதற்கான கதை வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சுரேந்திரன் வாசலிலேயே நின்று, "லவ் ஃபெயிலியர் மேடம், பக்கா. அந்தப் பையனையும் ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்கோம்" என்றார். வைஜெயந்திக்கு எரிச்சலாக இருந்தது. செத்தவள் எதையும் சொல்வதற்கு முன்னால் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாம் பேசி முடித்துவிடுகிறார்கள்.

அந்த எரிச்சலில்தானோ என்னவோ, பின்கழுத்தையும் திறந்தாள். தோலுக்கு மேலே ஒன்றுமில்லை. உள்ளே, தசையில், நாலு விரல் அழுத்திய ரத்தக்கட்டு இருந்தது. காரை எலும்புக்குக் கீழே வளைவாக ஒரு காயம். உதவியாளர் குழந்தைவேலுவிடம் மெல்லிய கம்பி கேட்டு அந்த வளைவின்மேல் படியவைத்து மடக்கிக்கொண்டாள். பிறகு இரைப்பைத் தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றினாள். மணல் இல்லை, பாசி இல்லை. கடலில் விழுந்தவள் வயிற்றில் கடலைச் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை. இழை இழையாக, வால் வளைந்து, மூன்று துணுக்குகள் மட்டும் கிடந்தன.

குழந்தைவேலு குனிந்து பார்த்தார். "அம்மா, இது நம்ம வீட்டு டிரம்முல நெளியறதுல்ல?"

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே துணுக்குகளை அவள் முன்பே பார்த்திருந்தாள்.

போன ஐப்பசியில். டயானா, பத்தொன்பது வயது, மரைன் ஹில்லில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பழகிக்கொண்டிருந்தவள். அதே கடற்சுவர். அறிக்கையின் நகலை எடுத்து மேஜையில் வைத்துப் படித்தாள். 'நெஞ்சின் மேற்பகுதியில் வளைந்த சிராய்ப்பு, பாறையில் உரசியதாக இருக்கலாம்.' 'இரைப்பையில் நீர், நுண்ணிய கருந்துணுக்குகள்.' 'கடல் நீரில் மூழ்கியதால் மரணம்.' போலீஸ் அதைத் தற்கொலை என்று முடித்திருந்தது. பின்கழுத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திறந்தால்தானே எழுதுவதற்கு? அத்தனையும் கண்ணில் பட்டிருக்கிறது, அத்தனையையும் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள், ஒன்றையும் பார்க்கவில்லை. கடலிலிருந்து எடுத்து வந்தால் கடலில் செத்தவள்தான். இந்தத் தீவில் ஆளைக் கொல்லுகிற தண்ணீர் கடல் தண்ணீர் மட்டும்தான் என்று அவள் கைக்குப் பழகியிருந்தது. வீட்டுக்கு வீடு முற்றத்தில் நிற்கிற டிரம்மை யார் தண்ணீரென்று நினைத்தார்கள்? அது ஒரு சாமான், அவ்வளவுதான்.

அன்றைக்குப் படகு கவிழ்ந்து நாலு பிரேதங்கள் வேறு காத்திருந்தன. டயானாவின் அம்மா சிசிலியா வாசலில் நின்று ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எம் மவ கடல்ல முங்கிச் சாவ மாட்டா டாக்டரம்மா. அஞ்சு வயசுல தோணிக்கு அடியில முங்கி அந்தப் பக்கம் எந்திரிச்சவ." வைஜெயந்தி அவள் தோளைத் தொட்டு, எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். இப்போது நினைத்தால் அந்த அன்புதான் அதிகம் கூசியது.

இரண்டுக்கும் நடுவில், தை மாதத்தில், மாயாபந்தரிலிருந்து படிக்க வந்த ஒரு வங்காளிப் பெண்ணும் கடலிலிருந்து வந்திருந்தாள். அவள் பிரேதத்தைப் பார்த்த டாக்டர் மாற்றல் வாங்கி மெயின்லேண்டுக்குப் போயாகிவிட்டது. அவளை எரித்தும் ஆகிவிட்டது. கோப்பிலிருந்த புகைப்படத்தில் அதே இடத்தில் அதே வளைவு மங்கலாகத் தெரிந்தது. பரீட்சைப் பயம் என்று முடித்திருந்தார்கள்.

டிரம்மில் கம்பி பொருந்திய அன்று பத்து மணிக்குத் துறைத் தலைவர் ஹரிஹரன் அறையில் நின்றாள். ஹரிஹரன் கெட்டவரில்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிற, யாருக்கும் கஷ்டம் வந்துவிடக் கூடாதே என்று கவலைப்படுகிற மனிதர். அப்படிப்பட்டவர்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

"ராஜகுமாரி கேஸ் தனியா நிக்கும்மா. கழுத்துல காயம் இருக்கு, வயித்துல புழு இருக்கு. கொலைன்னு எழுது, நானும் கூட நிக்கிறேன். பழசை எதுக்குத் தொடற?"

"ஒரே கொலைன்னா அவளுக்குத் தெரிஞ்சவனை மட்டும்தான் சார் தேடுவாங்க. ஒருத்தனை உக்காரவும் வெச்சாச்சு. போன ஐப்பசியில அவன் இந்த ஊர்லயே இல்லை, சென்னையில இருந்திருக்கான். மூணுன்னு தெரிஞ்சாத்தான் செஞ்சவனைத் தேடுவாங்க. இல்லேன்னா நாலாவது வரும்."

"சரி, மூணுன்னு நிரூபிக்க உன்கிட்ட என்ன இருக்கு?"

"டயானாவோட வயித்துத் தண்ணி எடுத்து வெச்ச பாட்டில். நான் சீல் வெச்சது. அதைத் திறக்கணும்னா என் ரிப்போர்ட் தப்புன்னு நான்தான் எழுதிக் கொடுக்கணும்."

ஹரிஹரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எதிர்த்தரப்பு வக்கீல் உன்னைக் கூண்டுல ஏத்திக் கேப்பான். ஐப்பசியில தப்புப் பண்ணின டாக்டரம்மா சித்திரையில மட்டும் எப்படிச் சரியாப் பண்ணினீங்கன்னு. பதினாறு வருஷமா நீ எழுதின ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் இழுப்பான். உள்ள போனவன் எல்லாம் அப்பீல் போடுவான். யோசிச்சியா?"

"யோசிச்சேன். கேக்கட்டும்."

"அன்னிக்கு நாலு பாடி வெயிட்டிங்ல இருந்துச்சு. அதையாவது எழுதிக்கோ."

"அது அந்தப் பொண்ணோட தப்பில்லையே சார்."

அவள் தன் அறைக்கு வந்து எழுதினாள். யாரும் மிரட்டவில்லை, யாரும் கெஞ்சவில்லை. பயம் இல்லையென்று அவள் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ளவில்லை. பயமாகத்தான் இருந்தது. இந்தத் தீவில் பொதுப்பணித்துறை மேஸ்திரியின் மகளாகப் பிறந்து, ஆண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற படிப்பை எடுத்துப் படித்து வந்தவள். அவள் கையெழுத்து ஒன்றுதான் அவளுடைய சம்பாத்தியம். அதன்மேல் அவளே கோடு கிழித்தாள். பயந்துகொண்டேதான் கிழித்தாள்.

மறுநாள் மதியம் மாஜிஸ்திரேட் உத்தரவோடு ஸ்டேஷனுக்குப் போனபோது சுரேந்திரன் சிரித்தார். "அந்தக் கேஸ் கதம் மேடம். பாட்டில்கூட அழிக்கிற லிஸ்ட்ல போட்டாச்சு. வர்ற வெள்ளிக்கிழமை போயிரும்."

"இன்னிக்கு புதன்கிழமைதான்" என்றாள்.

ஆறு மாதத்துக்கு முன்பே கப்பலேறி மெயின்லேண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டிய பாட்டில். எடுத்துக்கொண்டு போகக் கான்ஸ்டபிள் கிடைக்கவில்லை, அப்புறம் அவசியம் இல்லை, அப்புறம் மறந்தேபோயிற்று. அரசாங்கச் சோம்பேறித்தனத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். அரக்குக்குக் கீழே அவளுடைய கையெழுத்து இருந்தது. சாட்சிகள் முன்னால் அதை அவளே உடைத்தாள். கெடாமலிருக்க உப்புக் கலந்து வைத்திருந்த தண்ணீரை மஸ்லின் துணியில் மெதுவாக ஊற்றி வடிகட்டினாள். துணியைத் தட்டில் விரித்தபோது லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை. இருந்தாலும் லென்ஸை சுரேந்திரனிடம் நீட்டினாள்.

"நீங்களே எண்ணுங்க."

அவர் குனிந்தார். ஒவ்வொன்றாக எண்ணினார். "ஏழு" என்றார். பிறகு யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாதவர்போல, "என் வீட்லயும் ரெண்டு டிரம் இருக்கு மேடம். பொண்ணு ப்ளஸ் டூ படிக்குது" என்றார். அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தவனை அனுப்பிவிட்டார்கள். மூன்று கோப்புகளும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. யாரைத் தேடுவது என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

இத்தோடு அவள் வேலை முடிந்தது என்று ஹரிஹரன் சொன்னார். சட்டப்படி முடிந்துதான்விட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வைஜெயந்தி கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு மரைன் ஹில் சரிவில் படியிறங்கினாள். அங்கே அன்று தண்ணீர் முறை. சந்து முழுக்க ஹோஸ்கள் குறுக்கும் நெடுக்கும் கிடந்தன. வாசல்தோறும் பெண்கள் இடுப்பில் கைவைத்து, தங்கள் தங்கள் டிரம்மைக் காவல் காத்தபடி நின்றார்கள். சிசிலியா வாசலில் உட்கார்ந்து சூரை மீன் அரிந்துகொண்டிருந்தாள். புருஷன் செபஸ்தியான் கடலுக்குப் போயிருந்தார். டாக்டரைப் பார்த்ததும் அரிவாள்மணை நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.

"எதுக்கு வந்திருக்கிய?"

வைஜெயந்தி படியிலேயே நின்றபடி சொன்னாள். மகள் கடலில் விழவில்லை என்றாள். ஒருவன் கழுத்தைப் பிடித்து டிரம்முக்குள் அமுக்கியிருக்கிறான் என்றாள். அதைத் தான் பார்க்கத் தவறிவிட்டதையும் சொன்னாள். மென்று விழுங்காமல் சொல்லிவிட்டு, "என்னை மன்னிச்சிருங்க" என்றாள்.

சிசிலியாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஆறு மாதமாக அழுது முடித்த முகம் அது.

"மன்னிப்ப வச்சி நான் என்ன செய்ய? அன்னைக்கே சொன்னேன்லா."

"சொன்னீங்க."

"அவ செத்தப்ப ஜெபமாலைக்கு ஒருத்தர் வரல. புள்ள தானாப் போயிச் சேந்துட்டு, வூட்ல என்ன நடந்துச்சோன்னு இந்தச் சந்துல ஒருத்தர் விடாம பேசுனாவ. எம் புருசன் தோணித்துறையில தலைய நிமித்தி ஆறு மாசமாச்சி." அவள் பார்வை கடிதத்தின்மேல் வந்து நின்றது. "அதுல என்ன எழுதியிருக்கிய?"

"நான் எழுதினது தப்புன்னு எழுதியிருக்கேன். இங்க்லீஷ்ல இருக்கு."

"தமிழ்ல வாசிங்க. எனக்கு மட்டும் கேக்கணும்னு வாசிக்காதிய. சத்தமா வாசிங்க."

வைஜெயந்தி கோர்ட்டில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறாள். அங்கே எதிரில் இருப்பவர்கள் அந்நியர்கள். இங்கே அவளுக்கு ஊசி போட்டுவிட்ட நர்ஸம்மா வீடு இருக்கிறது, அப்பாவோடு வேலை பார்த்தவரின் வீடு இருக்கிறது. சிசிலியா மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து, அவள் பக்கத்தில் வந்து, சந்தைப் பார்த்து நின்றாள். தலையை நிமிர்த்தித்தான் நின்றாள்.

"டாக்டர் வைஜெயந்தி ஆகிய நான்" என்று தொடங்கினாள். குரல் முதலில் பிசிறியது. "போன அக்டோபரில் செல்வி டயானாவின் உடலைப் பரிசோதித்து நான் கொடுத்த அறிக்கை தவறானது." எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. "பார்க்க வேண்டியதை நான் பார்க்கவில்லை. கடல் நீர் என்று நான் எழுதியதற்கு எந்த ஆதாரமும் இல்லை." மேல்படியில் பேசிக்கொண்டிருந்த இரண்டு தெலுங்குக்காரப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அருகே வந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் தெலுங்கில் மெதுவாக அர்த்தம் சொன்னாள்.

"நிறுத்தாதிய" என்றாள் சிசிலியா.

"செல்வி டயானா தற்கொலை செய்துகொள்ளவில்லை. அவளைக் கொன்றிருக்கிறார்கள்."

சிசிலியா அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தாள். இன்னொரு தடவை கேட்டாள். வாசித்தாள். மூன்றாவது தடவை குரலில் பிசிறு இல்லை. அதற்குள் சந்தின் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்திருந்தது. எதிர்வீட்டு டிரம் நிரம்பி, விளிம்பு தளும்பி, தண்ணீர் வழியத் தொடங்கியது. பக்கத்து வீட்டு டிரம்மும் வழிந்தது. குழாயை மூட யாரும் போகவில்லை. மூன்று நாளைக்கு வேண்டிய தண்ணீர் படி படியாகக் குதித்து, நின்றவர்களின் காலை நனைத்துக்கொண்டு, கடலைப் பார்க்கக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.