அடியில் பெயர் வெட்டிய டப்பாக்கள்

பிரிட்ஜின் மேல் அடுக்கியிருந்த பதினோரு எவர்சில்வர் டப்பாக்களும் கடையிலிருந்து வந்த புதுசு மாதிரி பளபளப்பதைப் பார்த்ததும் தபீதாள் ஒன்றை இறக்கி அடியைத் தடவிப் பார்த்தாள். தீபாவளிக்குப் பலகாரத்தோடு வந்தவை. எது எந்த வீட்டுடையது என்று அடியில் எண் எழுதி ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாள். இப்போது ஒன்றிலும் ஸ்டிக்கர் இல்லை.

“அழுக்கா இன்னாவோ ஒட்டிகினு கீதேன்னு நான்தான்கா நார் போட்டுத் தேச்சு எடுத்தேன். ஒரே பேஜாரு, போவவே இல்ல,” என்றாள் வீட்டு வேலைக்கு வரும் கன்னியம்மா, பெருமை பொங்க. இவ்வளவு சிரத்தையாக வேலை செய்பவளை எந்த வாயால் திட்டுவது?

முடிச்சூரில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடியில் தபீதாள் வீடு ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு. தீபாவளிக்கு வந்த டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது; கிறிஸ்துமஸுக்குச் சிப்பி வடிவில் சுருட்டிப் பொரித்த இனிப்புக் கல்கல்லும் அச்சு முறுக்கும் நிரப்பித்தான் கொடுக்க வேண்டும். இது எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். ஐந்து வருஷமாக அவள் அதை மீறியதில்லை. பெருங்குடியில் மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம்களைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு; டிசம்பரில் அங்கே மூச்சு விட நேரமிருக்காது. கணவன் ஜெபசீலன் ரயில்வே கார்டு. ஊரெல்லாம் பண்டிகைக்குப் போகத் தாம்பரத்திலிருந்து ஸ்பெஷல் ரயில் விடுவார்கள், அதில் இவன் பச்சைக் கொடி காட்டிக்கொண்டு போய்விடுவான். ஆக, ஆபீஸ் முடிந்து வந்து, சேலையைக்கூட மாற்றாமல், பதினோரு வீட்டுக்கும் தனியாளாகச் சுட்டெடுப்பாள். கடைசியில் தன் வீட்டுக்கு மிஞ்சுவது தாம்பாளத்தின் அடியில் கிடக்கும் தூள்தான்.

இந்த வருஷம் அதெல்லாம் முடியாது என்று அவளை நினைக்க வைத்தது ஒரு நோட்டு. நான்காவது படிக்கும் மகள் ஜென்சி ‘எங்கள் வீட்டுப் பண்டிகை’ என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். ‘கிறிஸ்துமஸ் அன்று எங்கள் அம்மா சோபாவில் தூங்குவார்கள். எழுப்பினால் கோபம் வரும். நாங்கள் சத்தம் போடாமல் கேக் சாப்பிடுவோம்.’ டீச்சர் அதற்கு ஒரு நட்சத்திரம் வேறு போட்டிருந்தார். தபீதாள் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இந்தக் கிறிஸ்துமஸில் பிள்ளைக்கு விழித்திருக்கிற ஒரு அம்மாவைக் கொடுத்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். எப்படி என்பதுதான் தெரியவில்லை. இப்போது பண்டிகைக்கு ஐந்தே நாள். இதில் டப்பா வேறு கலந்துபோயிற்று.

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அடியில் பெயர்கள் வெட்டியிருந்தன. நாகலக்ஷ்மி, தாயாரம்மாள், அந்தோணிசாமி. அதனால் என்ன பிரயோஜனம்? பாத்திரத்தில் இருப்பது கல்யாணத்துக்கு அன்பளிப்பு கொடுத்தவர் பெயர். வைத்திருப்பவர் பெயரா இருக்கும்?

சட்டென்று போனை எடுத்து அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். “உங்க டப்பா எல்லாம் கலந்துபோச்சு. எது யாருதுன்னு தெரியல. நாளைக்கு ஞாயிறு மூணு மணிக்கு எங்க வீட்டுக்கு வந்து நீங்களே கண்டுபிடிச்சு எடுத்துக்கோங்க. கல்கல்லுக்கு மாவு பிசைஞ்சு வச்சிருப்பேன், முட்டை போடல. சுருட்டத்தான் ஆள் வேணும்.”

அனுப்பிய மறுகணமே அழித்துவிடலாமா என்றிருந்தது. விருந்து கொடுக்க வேண்டியவள் வேலைக்குக் கூப்பிடுகிறாளே என்று சிரிக்க மாட்டார்களா? அரை மணி நேரம் ஒரு பதிலும் இல்லை. பிறகு கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு சத்யப்ரியா, தோளில் லேப்டாப் பையோடு.

“அக்கா, நெஜமாவா? ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. தீபாவளிக்கு நான் குடுத்த முறுக்கு கடையில வாங்கினது. கவரைப் பிரிச்சு டப்பால கொட்டிட்டேன். நீங்க வருஷா வருஷம் கையால செஞ்சு குடுக்கறதப் பாத்து எனக்கு ஒரே டென்ஷன்கா.”

தபீதாள் அவளையே பார்த்தாள். அப்புறம் இருவருக்கும் சிரிப்பு அடங்கவே இல்லை.

ஞாயிறு மூன்று மணிக்குக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஒருத்தி முள்கரண்டி கொண்டுவந்தாள், இன்னொருத்தி பிரிக்காத புதுச் சீப்பு கொண்டுவந்தாள். மாவை அவற்றின் பற்கள் மேல் அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சிப்பி போல வந்தது. பிள்ளைகள் சுருட்டியதில் சில நத்தையாகவும் சில எதுவாகவும் இல்லாமலும் வந்தன. கீழ்வீட்டு பூவராகன் சார், “தள்ளுங்கம்மா, தீ அதிகமா இருக்கு,” என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டவர்தான், பிறகு அடுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தபீதாள் தன் வீட்டு சோபாவில் விருந்தாளி போல உட்கார்ந்து, சூடான டீயை சூடாகவே குடித்தாள். ஆறி ஆடை படியாத டீயின் ருசி அவளுக்கு மறந்தே போயிருந்தது.

நெளிசலையும் கைப்பிடியையும் வைத்து அடையாளம் கண்டு ஒவ்வொருவரும் தங்கள் டப்பாவை நிரப்பினார்கள். கடைசியில் ஒன்று மட்டும் மேசையில் மிஞ்சியது.

“சார், நீங்க மட்டும்தான் இன்னும் எடுக்கல, அப்ப இது உங்களோடதுதான்,” என்றாள் தபீதாள்.

“என்னோடதா? போன வருஷம் நீங்க குடுத்தனுப்பினது தபீதாம்மா. அதுலயேதான் தீபாவளிக்கு அதிரசம் வச்சு அனுப்பினேன்,” என்றார் பூவராகன்.

அவள் திருப்பிப் பார்த்தாள். அந்தோணிசாமி. அவளுடைய தாய்மாமன்! கிளெய்மில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பிடித்துவிடுகிற கண், சொந்த மாமன் பெயரைப் பார்த்துவிட்டு யாரோ என்று வைத்திருக்கிறது.

எல்லோரும் போனபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஜென்சி டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி கேட்டாள், “இது எந்த வீட்டுக்கும்மா?”

“நமக்குடி. ரொப்பு.”

குழந்தை நம்பாமல் ஒரு பிடி போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அள்ளினாள். மூடி மூடவில்லை.

“இப்ப தூங்கப் போறீங்களாம்மா?”

“தூங்கறதா? ஸ்டார் யாரு கட்டுவா?” தபீதாள் முந்தானையைச் செருகிக்கொண்டு பால்கனியில் ஸ்டூல் மேல் ஏறினாள். ஒரு கை நத்தைக் கல்கல்லை ஜென்சி வாயில் திணித்துக்கொண்டு, மேலே அம்மாவைப் பார்த்தபடி, கறுக் மொறுக்கென்று தெருவுக்கே கேட்கிற மாதிரி மென்றாள்.