நான்கு பேர் உட்காரும் மேஜை

அக்டோபர் கடைசியில் ஊருக்கு வந்திருந்தபோதுதான் பவுலினா அதைச் சொன்னாள். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே வேகவைத்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏஜென்சில ஒண்ணு கேட்டிருக்காங்க, வெண்டோ. வருஷம் முழுக்க லின்ஸ்லயே நான் பாத்துக்கிற பாட்டியம்மாகூட இருக்கணுமாம். தனி ரூம் தர்றாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவ வீட்டுக்கு வரலாம். கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் பதில் சொல்லணும்."

அவர்களுடைய மலையூரான பிரெஸ்னோவில் எந்த மாடிப்படியில் ஏறினாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். பெண்கள் வேன் ஏறி ஆஸ்திரியாவுக்குப் போய் அங்குள்ள முதியவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. பவுலினாவும் வருடக்கணக்காக அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தாள்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டான் அவள் கணவன் வெண்டலின்.

"யோசிக்கிறேன்னு சொன்னேன். இங்க வந்து மட்டும் என்ன பண்றேன்? துவைக்கிறேன், தூங்குறேன், கிளம்புறேன். மூணு பேரும் மூணு மூலைல தட்ட மடியில வச்சுக்கிட்டுத் திங்கிறோம். ஒண்ணா உக்காந்து சாப்பிட ஒரு மேஜை உண்டா இந்த வீட்டுல?"

உண்மைதான். சமையலறைச் சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகை ஒன்று இருந்தது. அதில் இரண்டு பேர் முழங்கை இடிக்க உட்காரலாம். மற்றபடி சோபா, டிவி, மகள் டாரினாவின் அறை.

அவள் சொன்னதில் பலதும் இருந்தது. வெண்டலின் பிடித்துக்கொண்டது மேஜையை மட்டும். மற்றவற்றை எந்தப் பக்கத்திலிருந்து சரிசெய்யத் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. மேஜை என்றால் தெரியும். பவுலினா வேன் ஏறிய மறுநாளே மைத்துனன் சிரிலின் கராஜுக்குப் போனான்.

சிரில் பவுலினாவின் அண்ணன். மனைவி பிரிந்துபோன பிறகு காரை வெளியே நிறுத்திவிட்டுக் கராஜைப் பட்டறையாக்கிக்கொண்டவன். கூரைக்கடியில் பீச் என்ற கனத்த காட்டு மரத்தின் பலகைகள் அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொரு பலகைக்கும் நடுவே மெல்லிய குச்சிகள் வைத்து, காற்று புகுந்து வர வழிவிட்டு, இரண்டு கோடைகாலம் உலர்த்தியவை.

"காஞ்சிருச்சா மச்சான்?"

"தட்டிப் பாரு மாப்ளே. மணி மாதிரி கேக்கும். எங்கக்கா மாமியார விடக் காஞ்சிருக்கு."

"உனக்கு அக்காவே கிடையாதேடா."

"அதனாலதான் தைரியமா சொல்றேன்."

மேஜைக்கான வரைபடம் பழைய செக் கைவினைப் பத்திரிகை ஒன்றில் வந்தது. நல்ல வரைபடம். ஒவ்வொரு துண்டின் நீளம், அகலம், எந்தத் துண்டு எதற்குள் நுழைகிறது என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. நான்கு கால்கள், அவற்றை இணைக்கும் சட்டம், சட்டத்தின் மேல் அகலமான மேல்பலகை. அவ்வளவு அகலத்தில் ஒரே பலகை கிடைக்காது. அதனால் குறுகலான பலகைகளைப் பக்கம் பக்கமாகப் பசை போட்டு ஒட்ட வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பலகையின் முனையைப் பார்த்தால் மரத்தின் வளையங்கள் வில்லாகத் தெரியும். ஒரு பலகையில் வில் மேல்நோக்கி இருந்தால் அடுத்ததில் கீழ்நோக்கி வைக்க வேண்டும். பலகைகள் வளையத் தொடங்கினாலும் ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று வளைந்து, மொத்தத்தில் மேஜை ஏறக்குறையச் சமமாக நிற்கும்.

இதையெல்லாம் இருவரும் ஒழுங்காகவே செய்தார்கள். சண்டை வந்தது மேல்பலகையைச் சட்டத்தோடு பொருத்தும் இடத்தில். திருகாணி போகும் துளைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில், சட்டைப் பொத்தான் துளை போல இருக்க வேண்டும் என்றது வரைபடம். திருகாணியை இறுக்கியும் இறுக்காமலும் விட வேண்டுமாம்.

"எதுக்கு?" என்றான் வெண்டலின்.

சிரில் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினான். "பலகை நகர்றதுக்காம்."

"நகர்ற மேஜைய எவன் கேட்டான்?"

"செக்காரன் போட்ட பிளான் மாப்ளே. எதையும் இறுக்கிப் பிடிக்கத் தெரியாது அவனுக்கு. நம்மளோட ஒண்ணா இருந்த நாட்டையே விட்டவன்."

"பிரிஞ்சு போனது நாமதான்னு எனக்கு ஞாபகம்."

"யாரா இருந்தா என்ன, விட்டானா இல்லையா?"

வெண்டலினின் மனதில் இருந்தது வேறு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை விருந்துக்கு உட்காரும் முன் எங்கள் பக்கத்தில் மேஜையின் நான்கு கால்களையும் சேர்த்து இரும்புச் சங்கிலி கட்டுவார்கள். வரும் வருடத்தில் குடும்பம் சிதறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. மடக்குப் பலகைக்குக் கால் ஏது? அதனால் இந்த வீட்டில் சங்கிலி கட்டியதே இல்லை. இந்த வருடம் கட்டப்போகிறான். சங்கிலி கட்டப்போகும் மேஜையின் மேல்பலகை நழுவினால் எப்படி இருக்கும்?

"வட்டமாவே போடு மச்சான். இறுக்கிரலாம்."

சட்டத்தைச் சுற்றிலும் நெருக்கமாகத் துளையிட்டு, நீளத் திருகாணிகளை மணிக்கட்டு வலிக்கும்வரை முறுக்கினார்கள். மேஜையைப் பிடித்து உலுக்கினால் கராஜே ஆடுவது போல இருந்தது. மேஜை ஆடவில்லை.

பிறகு மெருகு வேலை. காலை ஷிப்டில் மலைக் கிராமங்களுக்குப் பஸ் ஓட்டிவிட்டு மதியம் வெண்டலின் நேராகக் கராஜுக்கு வருவான். முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பிறகு அதைவிட மென்மையானது, பிறகு அதையும்விட மென்மையானது. எப்போதும் மரத்தின் ரேகை போகும் திசையில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். கடைசிச் சுற்றுக்கு முன் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக் காயவிட வேண்டும். படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். அவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டால் பிறகு எழாது. அதன் பிறகு ஆளிவிதை எண்ணெய். ஊற்றி, ஊறவிட்டு, மரம் குடிக்காததை முழுவதும் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணிகளை விரித்துத்தான் போட வேண்டும். சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடித்துவிடும்.

துணிகளைக் கம்பியில் விரித்துப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வெண்டலின் தூங்கிப்போவான். மறுநாள் பஸ்ஸில் ஏறும் கிழவர் ஒருவர் அவன் தலையைப் பார்த்து, "என்ன டிரைவர், பஸ்ஸுக்குள்ள பனி பெய்யுதா?" என்பார். மரத்தூளைத் தட்டிவிடக்கூடக் கை எழாது.

நவம்பரில் பவுலினா வரவில்லை. மாற்றுக்கு வரவேண்டியவளுக்கு உடம்பு சரியில்லை என்று அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. போனில் பேசும்போது அவள் குரலுக்குப் பின்னால் மணி அடிக்கும், பாட்டியம்மா கூப்பிடுவாள். "இரு, வந்துர்றேன்" என்று போவாள். சில நேரம் திரும்பி வருவாள். வெண்டலின் பனியைப் பற்றிச் சொல்வான். டீசல் உறைந்ததைப் பற்றிச் சொல்வான். முடிவு என்ன என்று கேட்கமாட்டான்.

டிசம்பர் தொடக்கத்தில் மேல்பலகையைத் தனியாகவும் கால்களைத் தனியாகவும் மாடிக்குத் தூக்கிவந்து, சோபாவைச் சுவரோரம் தள்ளி, திரும்பவும் முறுக்கிப் பொருத்தினார்கள். டாரினா மேஜையின் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, வெண்ணெய் மாதிரி இருக்கு!"

"இதுமேல டான்ஸே ஆடலாம்" என்றான் சிரில்.

எங்கள் அடுக்குமாடி வீடுகளில் வெப்பம் ஊர்ப் பொதுக் கொதிகலனிலிருந்து குழாய் வழியாக வருகிறது. வெண்டலின் வீட்டுக் குழாயின் திருகு எப்போதோ துருவேறி இறுகிவிட்டது. குறைக்க முடியாது. வெளியே பனி, உள்ளே பனியனோடு உட்கார்ந்திருப்பார்கள். சூடு தாங்காவிட்டால் ஜன்னலைத் திறப்பார்கள்.

ஒருநாள் டாரினா டீ குடித்துக்கொண்டிருந்தாள். வெண்டலின் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். யாரோ கட்டையை முறித்தது போல ஒரு சத்தம்.

"அப்பா! டம்ளர் குதிச்சுது!"

மேல்பலகையின் முனையிலிருந்து உள்நோக்கி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கத்தி முனை நுழையும் அகலம். ஒட்டிய இடத்தில் இல்லை. நல்ல மரத்தின் நடுவே.

வெண்டலின் ஒரு காலில் காலணியோடு அதன் முன்னே மண்டியிட்டான். விரலால் தடவினான். பவுலினா வரச் சில நாள்களே இருந்தன. திட்டவும் தெம்பில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து மேஜைக் காலில் சாய்ந்துகொண்டான்.

நடந்தது இதுதான். மரம் என்பது நீளவாக்கில் கட்டிவைத்த கோடிக்கணக்கான நுண்குழாய்கள். அவற்றின் சுவர்கள் காற்றில் ஈரம் இருந்தால் குடித்து உப்பும்; காற்று வறண்டால் ஈரத்தை விட்டு ஒடுங்கும். நீளத்தில் மாற்றம் இருக்காது, அகலத்தில்தான் இருக்கும். பீச் மரம் இதில் மிகவும் மோசம். கராஜுக்கு மணி மாதிரி காய்ந்திருந்த பலகை, குழாய்ச் சூடு அடிக்கும் வீட்டுக்கு ஈரப் பலகை. இந்த அகலத்தில் ஒரு விரல் அளவுக்குச் சுருங்கப் பார்த்திருக்கிறது. அடியிலிருந்த சட்டம் சுருங்கவில்லை. இரண்டு ஓரத்தையும் திருகாணிகள் இழுத்துப் பிடித்திருந்தன. நகர வழியில்லாத மரம் நடுவே கிழிந்தது.

சிரில் வந்தான். பத்திரிகையை மேஜைமேல் விரித்து இருவரும் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்கள்.

"செக்காரன் சொன்னான்ல?" என்றான் வெண்டலின்.

"காரணத்தச் சொல்லல மாப்ளே. காரணத்தச் சொல்லியிருந்தா கேட்டிருப்போம்."

"கீழ பொடி எழுத்துல போட்டிருக்கு மாமா" என்றாள் டாரினா.

"பொடி எழுத்த யாரும்மா படிப்பா? சரி, திருப்புளிய எடு."

திருகாணிகளைக் கழற்றும்போது பாதியில் பலகை ஒரு முனகல் விட்டது. கடைசித் திருகாணி வந்ததும் வெடிப்பு தானாகவே பெரும்பகுதி மூடிக்கொண்டது. மெல்லிய தகட்டால் உள்ளே பசையைச் செலுத்தி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள். அது காயும்வரை சட்டத்தின் துளைகளை அரத்தால் ராவி நீளமாக்கினார்கள். சலிப்பான வேலை. ஒரு துளை முடியும்போது விரல் மரத்துப்போகும், அடுத்தது காத்திருக்கும். முடிந்ததும் திருகாணிகளைப் போட்டு, இறுகியதும் சற்றே திருப்பித் தளர்த்தினார்கள். உப்புத்தாள், மறுபடியும் எண்ணெய். ஆனால் வெடிப்பின் கோடு முடி போலக் கறுப்பாகத் தெரிந்தது. அது போகாது.

பவுலினா இருபத்துமூன்றாம் தேதி வந்தாள். வேன் எல்லையில் வெகுநேரம் நின்றதில், உட்கார்ந்தே அவள் கால் வீங்கியிருந்தது. கோட்டைக் கழற்றாமல் மேஜையைப் பார்த்தாள்.

"எங்க வாங்கின?"

"செஞ்சோம். நானும் உங்கண்ணனும்."

அவள் கையுறையைக் கழற்றி மேல்பலகையைத் தடவிக்கொண்டே போனாள். விரல் அந்தக் கோட்டில் வந்து நின்றது.

"இங்க என்ன ஆச்சு?"

வெண்டலினுக்கு உயிர் வந்தது. கீழே குனிந்து துளைகளைக் காட்டினான். மரம் எப்படிச் சுருங்கும், கோடையில் எப்படித் திரும்ப உப்பும், முதலில் ஏன் வெடித்தது, இனிமேல் ஏன் வெடிக்காது என்று சொல்லிக்கொண்டே போனான். நிமிர்ந்தபோது அவள் சோபாவில் கோட்டோடு தூங்கிவிட்டிருந்தாள்.

மறுநாள் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் சிரில் சங்கிலி கொண்டுவந்து கால்களைச் சுற்றிக் கட்டினான். தேன் தடவிய மெல்லிய அப்பத்தையும் பூண்டையும் முதலில் சாப்பிட்டார்கள். பிறகு புளித்த முட்டைக்கோஸ் சூப், பொரித்த கெண்டை மீன், உருளைக்கிழங்கு, கசகசா உருண்டை. விருந்து முடியும்வரை யாரும் மேஜையை விட்டு எழக் கூடாது. வீட்டுப் பெண் மட்டும் எழலாம், பரிமாற வேண்டுமே. சூப் முடிந்ததும் பவுலினா பழக்கத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"எங்க போற?" என்றான் வெண்டலின்.

"மீன் எடுக்க."

"உன் முன்னாடிதான் இருக்கு."

எல்லாமே மேஜைமேல் இருந்தது. பானை, வாணலி, தண்ணீர் ஜாடிகூட. எல்லாம் வைத்த பிறகும் நான்கு தட்டுக்கும் இடம் இருந்தது. பவுலினா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடியும்வரை அவள் எழவில்லை. சிரில் முள்ளை எண்ணிக்கொண்டு ஏதோ உளறினான். டாரினா சிரித்தாள். பிறகு இருவரும் டிவியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே எழுந்து சோபாவுக்குப் போனார்கள்.

பவுலினா ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்தாள்.

"ரெண்டு மாசமா போன்ல பேசுனியே வெண்டோ. பனி, டீசல்னு. நேத்து மரம், துளைன்னு அரைமணி நேரம் பேசுன. போகாதன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"நீ மேஜை இல்லன்ன..."

"நான் எதையோ சொல்ல ஆரம்பிச்சேன். மேஜைன்னு வாயில வந்துச்சு. நல்ல மேஜைதான். நான் கேட்டது அது இல்ல."

வெண்டலின் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் எண்ணெய் கறுத்திருந்தது. அந்த வார்த்தை வெளியே வர, அரம் போட்டதைவிட அதிக நேரம் எடுத்தது போல இருந்தது.

"போகாத."

"வேலைய விட முடியாது."

"தெரியும். வருஷம் முழுக்கப் போகாதன்னு சொல்றேன்."

அவள் துணுக்குகளைத் தட்டின் ஓரத்தில் தள்ளினாள். "சரி. முன்ன மாதிரியே ரெண்டு வாரம் அங்க, ரெண்டு வாரம் இங்க. அடுத்த வாரம் சொல்லிர்றேன். அவங்க வேற ஆளத் தேடிக்கலாம்."

"சந்தோஷமா?"

"அலுப்பா இருக்கு வெண்டோ. காலையில கேளு."

ஜனவரி ஆறாம் தேதி வேன் வரும். அன்றைக்கு அவனுக்குக் காலை ஷிப்ட். மேஜைமேல் மீன் முள்ளும் குளிர்ந்துபோன சூப்பும் கிடந்தன. யாராவது ஒருவர் எழுந்து தட்டுகளை அள்ள வேண்டும். பவுலினா முழங்கையை ஊன்றிக் கண்ணை மூடினாள். வெண்டலின் இன்னும் ஒரு கசகசா உருண்டையை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றான்.