ஏழாம் வரிசையின் கசப்பு

பன்னிரண்டு பொட்டலங்களில் பதினொன்று எதிர்பார்த்தபடியே கைவிரித்துவிட்டன. ஏழாவது மட்டும் அடம்பிடித்தது. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

இருமல் மருந்து தயாரிக்கும் அந்தக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு 'ஏன் மேடம்' என்று பெயர். தராசு ஒரு மில்லிகிராம் கூடக் காட்டினாலும் ஏன் என்பாள், டீ ஆறிப்போய் வந்தாலும் ஏன் என்பாள். மருந்துக்கான வேரைப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டிக் கருவிக்குள் செலுத்துவது அவள் வேலை. அதிலிருக்கும் கசப்புச் சத்தைக் கருவி ஒரு கோடாக வரைந்து காட்டும். மலையில் தானாக முளைத்த வேர் என்றால் கோடு கிடுகிடுவென்று ஏறி இறங்கும். கம்பெனித் தோட்டத்தில் வளர்த்த வேர் என்றால் எறும்புப் புற்று அளவுக்குக்கூட எழும்பாது. இத்தனைக்கும் தோட்டத்து வேர் கட்டைவிரல் பருமன், பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆளைப் பார்த்து மயங்காதே, ஊதுகாமாலை என்பார்களே, அந்தக் கதைதான்.

தோட்டத்திலிருந்து வரிசைக்கு ஒரு பொட்டலமாகப் பன்னிரண்டு வந்திருந்தன. ஏழாவதின் கோடு மலைவேரையும் மிஞ்சி நின்றது. கருவியைக் கழுவி மறுபடி ஓட்டினாள். அதே கோடு. மூன்றாம் தடவையும் அதே கோடு.

காகிதத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, 'சுருக்கம்'.

"சுருக்கமா சொல்லுங்க மேடம்."

"ஏழு மட்டும் கசக்குது சார்."

அவர் காகிதத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "பொட்டலம் போட்டது யாரு? உங்க நாத்தனார்தானே?"

கேள்வியிலேயே பதில் இருந்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவள் கணவனின் தங்கை. மூன்று வருடமாக வேரில் சத்து ஏறவில்லை. இந்த அறுவடையும் தேறாவிட்டால் தோட்டத்தை மூடிவிடுவது என்று முடிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை மலைக்கு ஆட்கள் போவார்கள், நாற்பது மூட்டை தோண்டுவார்கள். வேரைத் தோண்டினால் செடி போச்சு. போன தடவை மலையிலிருந்து வந்த வேர்களே பென்சில் கனம்தான் இருந்தன. அப்படியிருக்க, வேலை போகாமலிருக்க ஒரு பிடி மலைவேரைப் பொட்டலத்தில் கலந்துவிடுவது பெரிய காரியமா?

நாத்தனார் அப்படிச் செய்யக்கூடியவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் உள்ளே ஒரு 'ஏன்' உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனபோது நாத்தனார் முதல் வரிசையில் குனிந்து, இலை இலையாகத் திருப்பிப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள். மருந்துச் செடி என்பதால் பூச்சிக்கொல்லி அடிக்கக்கூடாது. கையால் பொறுக்கினால்தான் உண்டு. பெற்ற பிள்ளைக்குப் பேன் பார்ப்பதுபோல் பொறுக்குவாள்.

"வாங்க அண்ணி! என்ன, சொல்லாம கொள்ளாம?"

"ஏழாவது வரிசையைப் பார்க்கணும்."

நாத்தனாரின் முகம் செத்துப்போனது. "அது எதுக்கு அண்ணி? மூணாவதைப் பாருங்க, எப்படி இருக்கு தெரியுமா? ஏழுல ஒண்ணுமே இல்ல. நான் எதையும் மறைக்கல."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை! ஏன் மேடம் நடந்தாள். கொட்டகைக்குப் பின்னால், மேட்டில் தனியாக இருந்த ஏழாம் வரிசையைப் பச்சை வலைத்துணி போட்டு மூடியிருந்தது. இழுத்தாள்.

இலை என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. நரம்பும் ஓட்டையும்தான். மிச்சமிருந்ததைப் பச்சைப் புழுக்கள் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன.

"கால் சுளுக்கிக்கிச்சு அண்ணி," நாத்தனாருக்கு அழுகை வந்துவிட்டது. "ஒண்ணரை மாசம் மேடு ஏற முடியல. கால் சரியாகி ஏறி வந்து பார்த்தா இப்படி. மேலாளர்கிட்ட ஒரு புழு கூட இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். அவமானமா இருந்துச்சு. மூடி வெச்சுட்டேன்."

"பொட்டலத்துல போட்டது இந்தச் செடியோட வேர்தானா?"

"பின்ன? பொய்யா சொல்வேன்? எல்லாத்துலயும் மட்டமான வரிசை, அதையும் சேர்த்துத்தான் போட்டேன்."

ஏன் மேடம் மண்ணில் உட்கார்ந்து தன் கையாலேயே ஒரு செடியைத் தோண்டினாள். ஒல்லி வேர். துடைத்துவிட்டு நுனியைக் கடித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது, அப்படிக் கசந்தது. ஓடிப்போய் முதல் வரிசையில் ஒன்றைத் தோண்டிக் கடித்தாள். முள்ளங்கி மாதிரி இனித்தது.

"என்ன அண்ணி, சிரிக்கிறீங்களா அழறீங்களா?"

"கசப்பு யாருக்காக? புழுவுக்காக! கடிக்க ஆள் இருந்தாத்தானே செடி கசக்கும்? மலையில கடிக்குது, கசக்குது. இங்கதான் நீ காவல் நிக்கறியே, அது எதுக்கு மெனக்கெடப் போகுது?"

நாத்தனாரைச் சந்தேகப்பட்டதை அங்கேயே சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டாள். "நீங்க சந்தேகப்படலன்னாத்தான் அதிசயம்," என்றாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

தன் கையால் தோண்டிய வேரையும் கருவியில் ஓட்டிக் கோட்டை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள்.

"சுருக்கமா?"

"புழு வேணும் சார்."

அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, "கொஞ்சம் விரிவா சொல்லுங்க," என்றார். விரிவாகக் கேட்டு நாற்பது நாள் தவணை கொடுத்தார். மலைக்கு ஆள் போகவில்லை.

முதல் மூன்று வரிசைகளுக்குப் புழு விடுவது, மற்றதை அப்படியே வைப்பது என்று ஏற்பாடு. நாத்தனார் ஏழாம் வரிசையிலிருந்து புழுக்களை ஒரு டிபன் பாக்ஸில் அள்ளிக்கொண்டு வந்தாள். மூன்று வருடமாக எடுத்த கை, இப்போது வைக்க வேண்டும். முதல் புழுவை இலையில் விடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மெதுவா கடி," என்றாள் புழுவிடம்.

நாற்பதாம் நாள் மூன்று வரிசைகளின் கோடும் கிடுகிடுவென்று ஏறியது. ஏழாவதைத் தவிர மற்றவை புற்றளவிலேயே கிடந்தன. காகிதம் பிரிண்டரிலிருந்து வந்த சூட்டோடு ஏன் மேடம் தோட்டத்துக்கு ஓடினாள்.

"தோட்டம் பிழைச்சுது!"

நாத்தனார் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அப்போ மூணு வருஷமா நான் பார்த்துப் பார்த்துச் செஞ்சதுதான் கெடுத்துச்சா அண்ணி?"

ஆமாம் என்பதுதான் பதில், ஏன் மேடத்துக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கொட்டகை ஜன்னலைப் பார்த்தாள். அங்கே ஒரு தொட்டியில் ஒற்றைச் செடி இருந்தது. புழு விடுவதற்கு முன்பே முதல் வரிசையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. இலைகளை நாத்தனார் துணியால் துடைத்திருந்தாள், ஒரு ஓட்டை இல்லை.

"அது எந்தச் சோதனைக்கும் வராது," என்றாள் நாத்தனார் அவசரமாக. "அது ஒண்ணு மட்டும் கசக்க வேண்டாம்."

'ஏன்' என்ற அந்தக் கேள்வி ஏன் மேடத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டாள்.

"தண்ணி ஊத்தினியா அதுக்கு?" என்று கேட்டாள்.