பயணத்தின் உரிமையாளர்

பச்சைவாழியம்மனுக்கு மெயில் ஐடி உருவாக்கிக் கொடுத்தவள் நான்தான். பிறந்த தேதி கேட்டது. சாமிக்கு எந்தத் தேதியைப் போடுவது? என் பிறந்த தேதியையே போட்டேன். அன்றிலிருந்து எங்கள் ஊர் அம்மனுக்கும் எனக்கும் முப்பத்திரண்டு வயது.

மாசி மகத்துக்கு எங்கள் அம்மன் நரம்பை என்ற கடற்கரை ஊருக்குக் கடலாடப் போகும். டிராக்டரில் சாமி, பின்னால் நான்கு வேன், வழியில் பதினோரு இடத்தில் நின்று தீபாராதனை. போன வருடம் பாகூர் தாண்டுவதற்குள் மேளக்காரர் வேன் வழி தவறி, சாமி கடலில் குளித்து முடித்த பிறகு மேளம் வந்து சேர்ந்தது. பக்கத்து ஊர்க்காரன் எல்லாம் சிரித்தான். அந்த வெட்கத்தில்தான் தர்மகர்த்தா சிங்காரவேலுவின் மகன் தமிழ்க்குமரன் என்னிடம் வந்தான். நாங்கள் இருவரும் திருபுவனையில் ஒரே கம்பெனி. எந்த லாரி எப்போது எங்கே நிற்கும் என்று பிளானர் ஆப்பில் போடுவது என் வேலை. கம்பெனி பஸ்ஸுக்குள் அவன் எனக்குத் தமிழு. பஸ்ஸை விட்டு இறங்கினால் வாங்க, போங்க. இந்தக் கூத்து அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அந்த லாரி ஆப்புல சாமியப் போட முடியுமா உஷா?"

"முடியும். லோடு எவ்ளோ?" என்றேன். சிரித்துவிட்டான்.

மாசிப் பனியில் பஸ் மெதுவாகத்தான் போகும். கண்ணாடிக்கு வெளியே வயலும் தெரியாது, கரும்பும் தெரியாது. என் மடியில் போன், அதில் கடலைப் பார்த்துப் போகும் ஒரு நீலக்கோடு. தினமும் அந்த நாற்பது நிமிடம் நான் அம்மனோடு போய்க்கொண்டிருந்தேன். 'ஏரிக்கரை, 7.40' என்று போட்டதும் ஏரி வந்துவிடும். தண்ணீருக்குள் இன்னொரு டிராக்டர் தலைகீழாக, சத்தமே இல்லாமல் கூட வரும். 'பாகூர், 8.15' என்று போட்டால் யாரோ வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கும். கடைசி நிறுத்தத்துக்கு நேரம் போட மனசே வராது. கடல் வந்துவிட்டால் முடிந்துவிடுமே. தமிழ்க்குமரன் தோளைத் தட்டி, "எறங்கு, கம்பெனி வந்துடுச்சி" என்பான்.

'பயண உரிமையாளர் யார்?' என்று ஆப் கேட்டபோது அவன் யோசிக்கவே இல்லை. கோயில் நிலத்தின் பட்டா அம்மன் பேரில், கரண்ட் பில் அம்மன் பேரில். "அம்மன் பேருலயே போடு" என்றான். போட்டேன். பாஸ்வேர்டை அவன் போட்டான், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோயிலுக்கென்று வாங்கிய போனில்தான் அம்மனின் மெயில் வரும். அந்தப் போன் தர்மகர்த்தா வீட்டில் இருந்தது. பட்டியலை முடித்த பிறகு எதை மாற்றினாலும் உரிமையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் காலனிக்குள் அம்மன் வந்ததே இல்லை. காலனிக்கு வெளியே இருக்கும் மதகோடு நின்றுவிடும். நாங்கள் மதகுக்குப் போய்க் கும்பிட வேண்டும். என் அம்மா செல்லக்கண்ணு நாற்பது வருடம் அந்த மதகில் நின்றவள். போன ஐப்பசியில் விழுந்து இடுப்பு முறிந்தது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருவாள், அவ்வளவுதான்.

"நான் தூக்கினு போறேம்மா" என்றேன்.

"இன்னா, பொணமா நான்? இந்த வருசம் குடுத்து வெக்கல, வுடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுத்த வருடம் இருப்பேனோ என்று அவள் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது. மதகிலிருந்து எங்கள் வீடு நூற்றெண்பது மீட்டர்.

மறுநாள் காலை பஸ்ஸில் பன்னிரண்டாவது நிறுத்தத்தைச் சேர்த்தேன். 'காலனி, செல்லக்கண்ணு வீட்டு வாசல், பத்து நிமிடம்.' விழாக் குழுவில் இருந்த இருபத்து நான்கு பேர் போனிலும் செய்தி போய் விழுந்தது: 'உஷாராணி ஒரு நிறுத்தம் கேட்கிறார். பச்சைவாழியம்மனின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.'

பஸ் திருபுவனை போய்ச் சேர்வதற்குள் ஊர் இரண்டுபட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயிலில் கூடினார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். சிங்காரவேலு கெட்ட மனுஷர் இல்லை. பழக்கத்தை மாற்றப் பயந்தவர். "என்ன ஏன்யா கேக்குறீங்க? அம்மாகிட்ட இல்ல கேட்டிருக்குது? அம்மாவே சொல்லட்டும்" என்றார். பூ கேட்பது என்று முடிவானது. அம்மன் தலையில் பூசாரி ஒரு அரளிப்பூவை வைத்தார். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம்.

பூ விழவில்லை. மணி அடித்து ஓய்ந்தது, கற்பூரம் கரைந்தது. அரைமணி நேரம் ஆகியும் பூ வைத்த இடத்திலேயே இருந்தது.

"அம்மா பேசல" என்றார் பூசாரி.

"பேசலன்னா பழைய வழிதான்" என்று சிங்காரவேலு துண்டை உதறி எழுந்தார். அவர் மனைவி அமுதம் தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். பூவின் மேல் கூட எனக்குக் கோபம்.

மகத்தன்று காலை போகவே கூடாது என்றிருந்தேன். ஆனால் நான் இல்லாவிட்டால் மேளக்காரர் வேன் மறுபடியும் தொலையும். டிராக்டர் கிளம்பினால் நகரப்போகும் அம்மனின் புள்ளியை என் பழைய போனில் காட்டி அம்மா கையில் கொடுத்துவிட்டு, "இதுலயாவது பாத்துக்கோ" என்று சொல்லிக் கிளம்பினேன்.

ஆறரை மணிக்குப் பனிக்குள் கோயில் வாசலில் டிராக்டர் விளக்கெல்லாம் எரிய நின்றது. மேளம் எடுக்கப் போகும் நேரத்தில் எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் மணியடித்தது.

'பச்சைவாழியம்மன் ஒப்புதல் அளித்துள்ளார். புதிய நிறுத்தம்: செல்லக்கண்ணு வீட்டு வாசல், 6.50.'

பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"டேய், யார்ரா இத அமுக்கினது?" என்று சிங்காரவேலு மகனைக் கேட்டார்.

தமிழ்க்குமரன் தன் இரண்டு வெறுங்கையையும் விரித்தான். "அம்மாதாம்பா."

"அம்மா சொல்லிட்டாடா!" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழும்பியது. பெண்கள் குலவையிட்டார்கள். நான் தமிழ்க்குமரனின் கண் போன பக்கம் பார்த்தேன். தூணோரம் அமுதம், கோயில் போனை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். சிங்காரவேலுவும் பார்த்துவிட்டார். அது அம்மன் இல்லை, என் பொண்டாட்டி என்று அந்தக் குலவைக்கு நடுவில் எப்படிச் சொல்வார்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வண்டிய எடு" என்றார்.

டிராக்டர் மதகைத் தாண்டியது. நான் முன்னால் ஓடினேன். கால் தரையில் பட்டதா என்று தெரியவில்லை. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். மறுகையில் போன். புள்ளி மதகைத் தாண்டியதும் போன் கெட்டுவிட்டது என்று நினைத்தாளாம். மேளம் கேட்ட பிறகுதான் எழுந்திருக்கிறாள்.

பனி விலகி விலகி, பச்சைப் பட்டும் மல்லிகையுமாக அம்மன் எங்கள் வாசலில் வந்து நின்றது. பூசாரி தட்டை நீட்டினார். மேளம் தானாக நின்றது. என் அம்மா கும்பிடவில்லை. சாமியின் முகத்தையே அண்ணாந்து பார்த்தாள்.

"இத்தினி கிட்ட இருந்துகினு, என் வூட்டுக்கு வழி உனக்கு இப்பதான் தெரிஞ்சுதாடி?" என்றாள்.