கறுத்த செம்புத் தகடு

சாய்ந்தமருதுவில் கடற்கரைப் பக்கமாக இருந்த பிள்ளைப்பேற்று மனையின் கதவில், ஆட்கள் கைவைத்துத் தள்ளும் இடத்தில், நுஸ்ஹா இரண்டு செம்புத் தகடுகளைத் திருகினாள். ஒன்று பளபளத்தது. மற்றது அடிப்பிடித்த சட்டி மாதிரிக் கறுத்திருந்தது. அங்கே கூட்டித் துடைக்கும் ஜவுபருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"லேசரால சுட்டது, மாமா," என்றாள் நுஸ்ஹா. அவருடைய தங்கை மகள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவள். "மேல கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் விழுந்திரிக்கி. கிருமி பட்டா வெறுஞ்செம்பை விடக் கெதியாச் செத்திரும்."

"கண்ணுக்குத் தெரியாத கிருமி, கண்ணுக்குத் தெரியாத பள்ளம். நல்ல கதைதான்."

"நீங்க எப்பயும் போலத் துப்பரவாக்குங்க. அது போதும்."

சுனாமிக்குப் பிறகு இப்படி எத்தனை பேர் வந்தார்கள். தண்ணீர் வடிக்கும் பெட்டி தந்தார்கள், படம் பிடித்தார்கள், போனார்கள். யுத்தம் முடிந்ததும் வேறு ஆட்கள், வேறு பெட்டி. ஜவுபர் எவரையும் நம்புவதில்லை.

பெருநாளுக்கு முதல்நாள் வீட்டுக்கு வீடு செம்பும் பித்தளையும் மினுக்கினார்கள். ஜவுபரும் தேங்காய்ப் பொச்சில் புளியும் சாம்பலும் தொட்டுக் கறுத்த தகட்டை அழுத்தித் தேய்த்தார். கறுப்புக் கழன்றது. பிறகு வந்த வாரங்களில் உப்புக்காற்று இரண்டு தகடுகளையும் ஒன்றுபோல மங்க வைத்தது.

நுஸ்ஹா வந்து, கிருமியை எண்ணிப் பார்க்க இரண்டையும் பஞ்சால் ஒற்றி எடுத்துப் போனாள். மறுபடி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"ரெண்டுலயும் கிருமி ஒரே அளவுதான், மாமா. லேசரால பிரயோசனமில்ல எண்டு எழுதப் போறன். நீங்க நினைச்சதுதான் சரி."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஜவுபர் வென்றவர். ஆனால், வந்துபோன அத்தனை பேரில் எவராவது திரும்பி வந்து, தந்தது உதவியதா என்று கேட்டார்களா? இவள் வந்திருக்கிறாள். தோற்றேன் என்று தன் கையாலேயே எழுதவும் போகிறாள்.

"எழுதாத புள்ள. நான் அதத் தேய்ச்சிட்டன்."

"எத?"

"கறுத்தத. பெருநாளைக்கி."

அவள் தகட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "ஆறு மாசத்து வேல, மாமா."

"ஓம். செம்ப எப்பயும் புளி போட்டுத்தான் துப்பரவாக்குற."

கொப்பியைத் திறந்து எழுதத் தொடங்கினாள்.

"என்ன எழுதுறாய்? வாசி."

"கறுத்த தகடு புளியும் மணலும் போட்டுத் தேய்க்கப்பட்டது..."

"மணலில்ல, சாம்பல். பிழையா எழுதாத."

அவள் 'மணல்' என்ற சொல்லை வெட்டினாள்.