மூன்று புள்ளித் தண்டவாளம்

"தண்டவாளம் தூக்கணும்னா உனக்குப் பாட்டு பாட்டா வருது. உனக்குன்னு ஒண்ணு கேக்கணும்னா மட்டும் வாயில மண்ணைப் போட்ட மாதிரி நிக்கிறியே" என்றாள் சனிச்சரி.

"என்னத்தடி கேக்கணும்?" என்றான் லோசன்.

"ஒரு வருஷம்னு விரல் ரேகை வாங்கிட்டு ஆள் சேத்துக்கிட்டுப் போறானே அந்தக் காண்டிராக்டர் லாலா, வருஷம் முடிஞ்ச மறுநாளே கப்பல் ஏத்திடுவியான்னு கேட்டியாய்யா?"

"பெரிய மனுஷன்டி. சொன்ன சொல்லு மாறமாட்டாரு."

"அப்ப சரி. வருஷம் முடியுற அன்னிக்குச் சாயங்கால ரயிலுக்கு நான் ஸ்டேஷன்ல நிப்பேன். நீ வரலேன்னா மறுநாளும் நிப்பேன். நீ வாயைத் தொறந்து கேக்குற வரைக்கும் நிப்பேன்."

பதினான்கு மாதங்களுக்கு முன் பீகாரின் ஆரா ஜில்லாவில், அடுப்பு வெளிச்சத்தில் அவள் சொன்னது. இப்போது கடல் தாண்டி, வெள்ளைக்காரனின் சண்டைக்காக, பஸ்ராவுக்கு வடக்கே விடியலின் குளிர்ச் சேற்றில் முழங்கால் வரை நிற்கும்போதெல்லாம் லோசனுக்கு அந்தக் குரல்தான் கேட்கும். வருஷம் முடிந்து இரண்டு மாதமாகிவிட்டது. தினமும் கேட்க நினைப்பான். லாலாவின் பஞ்சு வைத்த கோட்டைக் கண்டதும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவான்.

அன்றும் இருட்டுப் பிரியும் முன்பே வேலை தொடங்கியிருந்தது. முன்னணிக்குக் குண்டும் குதிரைத் தீவனமும் போக வேண்டிய பாதை. நேற்றுப் பதித்த ஸ்லீப்பர் கட்டைகளை இரவு மழை பாதி விழுங்கியிருந்தது. அவற்றைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தார்கள். அதற்குள் கை விரல்கள் மரத்துப் போயின. ஆளுக்கு ஒரு பிடி சத்துமாவும் பச்சை மிளகாயும் தின்றுவிட்டுத் தண்டவாளத்துக்கு வந்தார்கள்.

ஒரு தண்டவாளத்துக்குப் பத்து ஆள். காய்ச்சல் நால்வரைக் கொண்டுபோய்விட்டது. மீதி ஆறு பேர் தோள் கொடுக்க, மேஸ்திரியான லோசன் பக்கத்தில் நடந்தபடி பாட வேண்டும். அவன் பாட்டுக்குத்தான் கால் எழும், அவன் பாட்டுக்குத்தான் கம்பி இறங்கும்.

"தோளுக்கு மேல மாமோய்!"

"ஐசா!"

"தொட்டில் மாதிரி மாமோய்!"

"ஐசா!"

"எறக்கும்போது..."

தண்டவாளத்தின் முனையில் ஒட்டியிருந்த சேறு அப்போதுதான் உதிர்ந்தது. அதற்கடியில் உளியால் குத்திய மூன்று புள்ளிகள். ஊரில், தாங்கள் பார்த்துக்கொள்ளும் பாதையின் ஒவ்வொரு கம்பியிலும் லோசனின் கேங் குத்தி வைக்கும் அடையாளம். மூன்றாவது புள்ளி கொஞ்சம் கோணல். அது அவன் கை.

பாட்டு நின்றது.

மூவர் கம்பியை இறக்கிவிட்டார்கள். மூவர் பாட்டின் அடுத்த அடிக்காகக் காத்து நின்றார்கள். கம்பி சாய்ந்து, முனையைத் தாங்கி நின்ற ஜூரியின் காலில் விழுந்தது.

ஜூரியின் அலறல் கேட்டு லாலா ஓடி வந்தார். ஐந்து பேரும் அதற்குள் கம்பியைப் புரட்டிவிட்டிருந்தார்கள். பாதம் இருந்த இடத்தில் சேறும் ரத்தமும்தான் தெரிந்தன. லோசன் தன் தலைப்பாகையை அவிழ்த்து அந்தக் காலைச் சுற்றினான்.

"மேஸ்திரி தப்பு இது" என்றார் லாலா. "பாட்டைப் பாதியில விட்டா கம்பி விழாம பூவா விழும்?"

"பத்து பேர் தூக்குற கம்பி லாலாஜி" என்றான் திலக்தாரி. அந்தக் கூட்டத்தின் வாய் அவன்தான். "நாலு பேரு அந்த மேட்டுக்கு அடியில படுத்திருக்காங்க. நாளையிலேருந்து அவங்களையும் எழுப்பிக் கூட்டியாரட்டுமா?"

லாலா அவனைக் கவனிக்காதவர் போல லோசனிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக் கப்பல் கிளம்புது. ஜூரிக்கு இடம் வாங்கித் தரேன். நீங்க மத்தவங்க இன்னும் ஒரு வருஷத்துக்கு விரல் வையுங்க. நீ வச்சா எல்லாரும் வைப்பாங்க."

"நம்ம ஊரு லைனைப் பேத்துட்டீங்களா லாலாஜி?"

லாலா அந்தப் புள்ளிகளைப் பார்த்தார். "சண்டைக்கு வேணும்னு சர்க்கார் கேட்டுச்சு. முடிஞ்சதும் திரும்பப் போட்டுடுவாங்க."

"போன வாரம்கூட, உங்க ஊரு ரயில் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குன்னு சொன்னீங்களே."

"கம்பிக்கு வாயில்லை, கேக்காம கப்பல் ஏத்திட்டாங்க" என்றான் திலக்தாரி. "நமக்கு மட்டும் இருக்கா என்ன?"

லோசனுக்குச் சுருக்கென்றது. ரயிலே வராத ஸ்டேஷனில், புல் முளைத்த பாதையைப் பார்த்தபடி சனிச்சரி நிற்பது கண்ணில் வந்தது.

"ஜூரி, நான்தான்டா நிறுத்தினேன்" என்றான். "நம்ம புள்ளியப் பாத்தேன். பாட்டு வரலைடா."

ஜூரி பல்லைக் கடித்துக்கொண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "நானா இருந்தாலும் நின்னிருப்பேன் அண்ணே. ஆனா என் காலைக் காட்டி நீங்க யாரும் விரல் வச்சிடாதீங்க. அப்புறம் கப்பல்ல எனக்குத் தூக்கம் வராது."

பாதையில் டிராலி வரும் சத்தம் கேட்டது. ராணுவத் துரை. லாலா பதறிப்போனார். "ம், குனிங்கடா! பாடு மேஸ்திரி!"

ஐந்து பேரும் குனியவில்லை. லோசனையே பார்த்தார்கள். அவன் வாயை இறுக மூடி நின்றான். பின்னால் வேலை செய்த கேங், முன்னே பாட்டு எழாததைக் கவனித்துத் தன் பாட்டை நிறுத்தியது. அதைக் கேட்டு அதற்கும் பின்னால் இருந்த கேங். பேரீச்ச மரங்கள் வரைக்கும் ஒவ்வொரு பாட்டாக அடங்கிக்கொண்டே போயிற்று. நதியின் சலசலப்பு முதன்முறையாகக் காதில் விழுந்தது.

துரை டிராலியிலிருந்து இறங்கி, அரைகுறை இந்துஸ்தானியில் கேட்டார். "ஏன் நிக்குது? என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லை துரை, சோம்பேறிப் பசங்க..." என்று ஆரம்பித்தார் லாலா.

லோசன் ஓர் அடி முன்னே வைத்தான். முதுகுக்குப் பின்னால் ஐந்து ஜோடிக் கால்கள் சேற்றை விட்டு எழும் சத்தம் கேட்டது. பாட்டுக் குரல் இல்லை. வெறும் குரல்தான் வந்தது.

"எங்க வருஷம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு துரை. ஜூரிய நாளைக்கே கப்பல் ஏத்துங்க. எங்க எல்லாரையும் ஊருக்கு அனுப்புங்க."

"ஐசா!" என்றார்கள் பின்னால்.